ஒரு சொட்டு டீசல் இல்லாத விழா

— அது சரி தம்பி, இன்வெர்ட்டருக்கு யாராச்சும் தேங்காய் ஒடைப்பாங்களா?

— புது மிஷின் அக்கா. இன்னைக்குத் திறப்பு விழா. பூஜை போடாம ஸ்விட்ச் போட மனசு வரல. சந்தனம் வச்சேன், குங்குமம் வச்சேன், சூடம் காட்டி ஸ்விட்சையும் போட்டேன். அதுவரைக்கும் நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு.

— தேங்காயை எங்கிட்டு ஒடைச்சீங்க?

— கீழே கல்லு எதுவும் இல்லை. அதனால மிஷினோட இரும்புக் கால்லயே ஓங்கி ஒரு போடு போட்டேன். தண்ணி தெறிச்சு, காத்துப் போற ஓட்டை வழியா உள்ளே போயிருச்சு. டப்புன்னு ஒரு சத்தம். அம்புட்டுத்தான்.

— இன்சினியரு பண்ற வேலையா இது?

— அந்தக் கேள்வியைக் காலையிலேருந்து நானே நாப்பது தடவை கேட்டுக்கிட்டேன். இப்ப மணி ஒம்பதே முக்கால். பதினொரு மணிக்கு விழா. மேடையில எட்டு ஃபேன், மைக்கு, லைட்டு, ஒரு பெரிய டிவி. எதுக்கும் கரண்ட் இல்லை. போன வாரம் விராலிமலையில உங்க வேனைப் பார்த்திருந்தேன், 'அமுதவல்லி ஒலி ஒளி'ன்னு. நல்லவேளை, நம்பர் ஞாபகம் இருந்துச்சு.

— எனக்கு ஒண்ணு வெளங்கல. இங்கேருந்து கண்ணுக்கு எட்டுன தூரம் வரைக்கும் உங்க சோலார் தட்டுதான் கெடக்கு. ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கப் போறோம்கிறீங்க. அதுல ஒரு ஒயரை இழுத்து எட்டு ஃபேனைச் சுத்த விட முடியாதா?

— அது நேரா பெரிய லைனுக்குப் போற கரண்ட்க்கா. அப்படியே மேடைக்கு இழுத்தா ஃபேன் மட்டும் இல்லை, தலைமை விருந்தினரும் சேர்ந்து சுத்துவாரு. மேடைக்குன்னு தனியா வச்ச சின்ன இன்வெர்ட்டர்தான் இப்ப செத்துப் போச்சு.

— உங்க ஆபீஸ்ல சாதாரண கரண்ட் இருக்குமே. அதுலேருந்து இழுங்க.

— அதுலயும் கை வைக்க முடியாது. மெட்ராஸ்லேருந்து ராஜலட்சுமி மேடம்னு ஒருத்தங்க வந்திருக்காங்க. எங்க பொன்வெயில் பவர் கம்பெனி சுற்றுச்சூழலுக்குக் கொடுத்த வாக்கையெல்லாம் காப்பாத்துதான்னு பார்த்துச் சான்றிதழ் கொடுக்குறவங்க. நேத்தே ஆபீஸ் மீட்டரைப் போட்டோ எடுத்து வச்சுக்கிட்டாங்க. ஒரு யூனிட் கூடுனாலும் ஏன்னு கேப்பாங்க.

— அப்ப வாசல்ல துணி பேனர் கட்டியிருக்கே, 'ஒரு சொட்டு டீசல் இல்லாத விழா'ன்னு…

— அதை எழுதுனது நான்தான்.

— அதை எழுதிப்புட்டு என்னைய ஜெனரேட்டர் கொண்டாரச் சொல்றீங்க.

— மெதுவாப் பேசுங்கக்கா. அந்த மேடம் காது ரொம்பக் கூர்மை. வேனை அங்கிட்டு, அந்தக் கருவேலங்காட்டுக்குப் பின்னாடி கொண்டுபோய் நிறுத்திருங்க. ஒயரை மண்ணுக்குள்ள புதைச்சு மேடைக்கு அடியில கொண்டாந்துடலாம்.

— கருவேலங்காட்டுக்குப் பின்னாடியா? அதுக்கு அந்தாண்ட கண்மாய்க் கரையாச்சே.

— ஏன், வேன் போகாதா?

— போகும் போகும். எனக்குத் தோதான எடம்தான்.

— அக்கா, உங்களைக் கையெடுத்துக் கும்புடுறேன். இந்தச் சான்றிதழ் வரலைன்னா முதல்ல என் வேலைதான் போகும். கம்பெனியில சுற்றுச்சூழல் பொறுப்பே நான்தான். அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம் வேற.

— அட, கல்யாணமா? எந்த ஊருல? மைக் செட் சொல்லியாச்சா?

— அறந்தாங்கியில. நீங்களே வந்து போடுங்க, நான் வேண்டாம்னா சொல்லப் போறேன்? வேலை இருந்தாத்தானே கல்யாணம்.

— சரி, பொண்ணு வீட்டுக்காரங்க மொகத்துக்காகச் செய்றேன். வேனைத் திருப்பிக்கிறேன், அந்த முள்ளை ஒதுக்கிப் பிடிங்க. இன்னும் கொஞ்சம். ம், நிக்கட்டும்.

— வாடகை எவ்வளவுக்கா?

— வாடகை கெடக்கட்டும். வர்றவங்களுக்குக் கொடுக்க வழவழன்னு புஸ்தகம் போட்டு வச்சிருக்கீங்களே, பச்சை அட்டையில, அதுல ஒண்ணு கொடுங்க.

— இதுவா? 'பூமிக்கு எங்கள் வாக்கு'. இது சும்மா கொடுக்குறதுதான்க்கா. இதுக்குப் போய் ஜெனரேட்டரா?

— வாசிச்சுக் காட்டுங்க. நான் ஒயரை மாட்டிக்கிட்டே கேக்குறேன். ஐ.டி.ஐ.ல எலக்ட்ரீசியன் படிக்கும்போது வாத்தியார் வாசிக்க வாசிக்க வேலை செஞ்சு பழகிட்டேன்.

— 'தூய்மையான எரிசக்தி எங்கள் தொழில் மட்டுமல்ல, எங்கள் கடமை. ஒவ்வொரு பேனலுக்கும் ஒரு மரம் நடுவோம். நீர்நிலைகளைக் கண்போலக் காப்போம். எழுதும் ஒவ்வொருவருக்கும் பதில் தருவோம்.'

— அது நெசம்தான். நானும் மூணு லெட்டர் போட்டேன் உங்க ஆபீசுக்கு. மூணுக்கும் பதில் வந்துச்சு.

— பார்த்தீங்களா? என்னன்னு வந்துச்சு?

— 'சுற்றுச்சூழல் மீதான தங்கள் அக்கறைக்கு நன்றி'ன்னு ஒரு அட்டை. கூடவே ஒரு வேப்பங்கன்னு. மூணு லெட்டருக்கும் மூணு கன்னு. நல்லா தழைச்சு வந்திருக்கு, குறை சொல்லக் கூடாது.

— அந்த ஐடியா என்னோடதுதான்க்கா. ஆமா, நீங்க எதைப் பத்தி எழுதியிருந்தீங்க?

— அதை நீங்க படிக்கலையாக்கும்.

— மாசம் எறநூறு லெட்டர் வரும். எல்லாத்தையும் எங்கிட்டு உக்காந்து படிக்கிறது? அதான் எல்லாத்துக்கும் கன்னு அனுப்பச் சொல்லிட்டேன்.

— அதும் சரிதான். மேல வாசிங்க.

— 'உடைந்த, பழுதான பேனல்கள் ஒன்றுகூட மண்ணில் விடப்படாது. சித்திரைச் சூறாவளியில் சேதமடைந்த அறுபத்து நான்கு பேனல்களும் மறுசுழற்சிக்காகச் சென்னைக்கு அனுப்பி வைக்கப்பட்டன. வரிசை எண்கள் பதினான்காம் பக்கத்தில்.' அதாவதுக்கா, ஒடைஞ்சதைத் திரும்ப உருக்கி…

— மறுசுழற்சின்னா எனக்குத் தெரியும். அந்த அறுபத்து நாலும் லாரியில ஏறுனதை நீங்க பார்த்தீங்களா?

— பார்க்காம இருப்பேனா?

— கண்ணால?

— கான்ட்ராக்டர் பட்டியல் கொண்டாந்தாரு. ஒவ்வொரு பேனல் நம்பரும் அதுல இருந்துச்சு. சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன். பார்த்த மாதிரிதானே?

— ம். அந்தக் கட்டிங் பிளேயரை எடுங்க. இல்ல, சேப்புப் பிடி போட்டது. எங்க ஆட்டுக்குட்டி ஒண்ணு ரெண்டு மாசமா நொண்டிக்கிட்டுத் திரியுது தம்பி. கால்ல கண்ணாடி குத்திருச்சு. கண்மாய்க்குள்ள மேயப் போன எடத்துல.

— குடிச்சுட்டுப் பாட்டிலைப் போட்டு ஒடைக்கிறாங்க, வேற என்ன. இதுக்கும் ஒரு விழிப்புணர்வு முகாம் போடலாம்.

— கண்மாய்க்குள்ள மயிலு கூட நிக்குது. நின்ன எடத்துல நின்னு தோகையை விரிச்சு, தன்னைத்தானே பார்த்துக்கிட்டு ஒரே கொத்தா கொத்துது.

— தண்ணியில நெழலைப் பார்க்கும். இங்கயும் எங்க பேனல்ல அதே தொல்லைதான், இன்னொரு மயிலு உள்ள இருக்குன்னு நெனைச்சுச் சண்டைக்கு வருது.

— கண்மாய்ல இப்பத் தண்ணி ஏது? காஞ்சுல்ல கெடக்கு.

— அப்ப எதைப் பார்த்துக் கொத்துது?

— அதான் தம்பி எனக்கும் யோசனை. வாங்களேன், பத்தடி தூரம்தான். கரை மேல ஏறிப் பார்த்துட்டு வந்துடுவோம்.

— இன்னைக்கு வேண்டாம்க்கா. மணியைப் பாருங்க. விழா முடியட்டும், இன்னொரு நாளைக்குச் சாவகாசமா வாரேன்.

— ஐப்பசி பொறந்தா மழை. மழை வந்தா கண்மாய் நெறைஞ்சுரும். அப்புறம் உள்ள என்ன கெடக்குன்னு யாருக்குத் தெரியப் போகுது?

— நெறையட்டும், நல்லதுதானே. அக்கா, மணி பத்தரை.

— நான் சொல்றதைச் சொல்லிட்டேன். புஸ்தகத்துல ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்க.

— என் கையெழுத்தா? எதுக்கு?

— ஞாபகார்த்தம். பெரிய கம்பெனி, சுற்றுச்சூழல் பொறுப்பு. நாளைக்குக் கல்யாணத்துக்கு வாரப்போ, மாப்பிள்ளை எனக்கு முன்னாடியே பழக்கம்னு காட்டிக்கலாம்ல.

— முதல் பக்கத்துல போடட்டுமா? 'அன்புடன் கோபிநாத்'னு?

— முதல் பக்கம் வேணாம், படமா இருக்கு, மை நிக்காது. இந்தப் பதினாலாம் பக்கத்துல போடுங்க. நம்பராப் போட்டுட்டுக் கீழே நெறைய எடம் விட்டிருக்காங்க. தேதியும் போட்டுருங்க.

— இந்தாங்க. போதுமா? இப்பவாச்சும் ஓட விடுங்க.

— வெலகி நில்லுங்க. ம்… வந்துருச்சு.

— ஐயோ. என்னக்கா இது, இம்புட்டுச் சத்தம்? இதென்ன ஜெனரேட்டரா, நெல்லு மில்லா?

— சத்தம் இல்லாம ஜெனரேட்டர் ஓடுமா? மேடையைப் பாருங்க, ஃபேன் சுத்துதா இல்லையா?

— சுத்துது. டிவியும் எரியுது. ஆனா இந்தச் சத்தம் திருச்சி ரோடு வரைக்கும் கேக்குமே. கொஞ்சம் கொறைக்க முடியாதா?

— முடியும். கரண்டும் கொறையும், பரவாயில்லையா?

— வேண்டாம், வேண்டாம். ஒரு யோசனை. வரவேற்புக்கு மேளம் அடிக்க மதுரைவீரன் குழு வந்திருக்கு. அவங்களை இந்தப் பக்கமாத் தள்ளி நின்னு அடிக்கச் சொல்றேன். இருங்க, போயிட்டு ஓடியாறேன்.

— ஓடாதீங்க, வேட்டி முள்ளுல மாட்டிக்கும்.

— …சொல்லிட்டு வந்துட்டேன்க்கா. எப்ப நிப்பாட்டணும்னு மேளக்காரரு கேட்டாரு. ஒரு மணி வரைக்கும் நிப்பாட்டாதீங்கன்னேன். விருந்தினர் பேசும்போதுமான்னாரு. அப்பத்தான் இன்னும் வேகமா அடிக்கணும்னேன். என்னைய ஏற எறங்கப் பார்த்துட்டு, ரெண்டு மணி நேரத்துக்கு மோர் வேணும்னு மட்டும் சொன்னாரு.

— பேசுற பெரிய மனுசன் என்ன நெனைப்பாரு?

— தன்னோட பேச்சுக்குத்தான் மேளம் அடிக்கிறாங்கன்னு நெனைச்சுக்குவாரு. நீங்க ஏன் சிரிக்கிறீங்க?

— சிரிக்கல. வெயிலு கண்ணைக் கூசுது. தம்பி, அங்கிட்டு யாரோ வாராக. பருத்திச் சேலை, கையில நோட்டு.

— போச்சு. மேடம். அக்கா, நீங்க ஒண்ணும் பேசாதீங்க, நான் பார்த்துக்கிறேன்.

— கோபிநாத், இங்கேதான் இருக்கீங்களா? உங்களை மேடையில தேடுறாங்க.

— இந்தா கிளம்பிட்டேன் மேடம். நீங்க எதுக்கு இவ்வளவு தூரம், முள்ளுக்குள்ள, இந்த வெயில்ல…

— ஒரு சத்தம் கேட்டுது. அதைப் பிடிச்சுக்கிட்டே வந்தேன்.

— மேளச் சத்தம் மேடம். நம்ம பாரம்பரியம்.

— மேளத்துக்கு அடியில இன்னொரு சத்தம்.

— அது டிராக்டரா இருக்கும். உழவு நடக்குது.

— கால் மணி நேரமா ஒரே இடத்துல நின்னுக்கிட்டு உழுதா?

— மண்ணு கொஞ்சம் இறுக்கம் மேடம், இந்தப் பக்கமெல்லாம்.

— நீங்க யாரும்மா?

— நான் மைக் செட்டு மேடம். அமுதவல்லி. இந்த ஊருதான்.

— உங்க வேன்ல இருக்குற அந்தப் பெட்டி என்ன?

— ஜெனரேட்டர் மேடம்.

— அக்கா.

— கேட்டா சொல்ல வேண்டாமா தம்பி? பெட்டி மேலயே இம்புட்டுப் பெருசா எழுதிப் போட்டிருக்கு.

— கோபிநாத், மேடையில ஓடுற கரண்ட் இதுலேருந்துதான் வருதா?

— மேடம்… ஆமா மேடம். காலையில இன்வெர்ட்டர் போயிருச்சு. நான்தான் தேங்காய் ஒடைச்சேன். என் தப்புதான், அக்காவை ஒண்ணும் சொல்லாதீங்க, நான் கூப்பிட்டுத்தான் வந்தாங்க. பேனரை வேணும்னா இப்பவே அவுத்துடறேன்.

— தேங்காயா? எதுக்கு? சரி, அதை அப்புறம் கேட்டுக்கிறேன். டீசல் வாடையும் அடிக்குது. எவ்வளவு டீசல் எரியுதுன்னு நான் குறிச்சுக்கணும். பெட்டியைத் தெறங்கம்மா.

— தாராளமா. தம்பி, அந்தக் கொக்கியை எடுத்து விடுங்க. கை சுடாது, பயப்படாதீங்க.

— அக்கா. இதுல என்ஜின் எங்கே?

— என்ஜினை ஆனி மாசமே பழைய இரும்புக்குப் போட்டாச்சு.

— அப்ப இதெல்லாம்… பேட்டரி. ஒண்ணு, ரெண்டு… எட்டு பேட்டரி. இன்வெர்ட்டர். மேடம், இதுல என்ஜினே இல்லை மேடம்.

— தெரியுது. அப்ப இந்தச் சத்தம் எங்கேருந்து வருது?

— மூலையில பாருங்க மேடம், சின்ன ஸ்பீக்கர். பழைய என்ஜினை விக்கிறதுக்கு முந்துன நாளு அதோட சத்தத்தை ஒரு மணி நேரம் பதிவு பண்ணி வச்சுக்கிட்டேன். பென் டிரைவ்ல ஓடுது. இந்தா, நிப்பாட்டிட்டேன். மேடையில ஃபேன் நிக்குதா பாருங்க.

— நிக்கல. ஆனா டீசல் வாடை?

— ஸ்பீக்கருக்குப் பின்னாடி ஒரு துணி தொங்குது பாருங்க. ஒரு மூடி டீசல்ல நனைச்சுப் போட்டா ஒரு மாசத்துக்குத் தாங்கும்.

— எதுக்கும்மா இவ்வளவு பாடு?

— அதை ஏன் கேக்குறீங்க. பேட்டரிக்கு மாறுன புதுசுல விராலிமலையில ஒரு கல்யாணம். சத்தமே இல்லாம அம்புட்டு லைட்டும் எரியுது. மாப்பிள்ளையோட சித்தப்பா வந்தாரு. ஜெனரேட்டரைக் காணோம், எங்க வீட்டு மீட்டர்லேருந்து கள்ளத்தனமா ஒயர் மாட்டியிருக்கான்னு பந்தியில நின்னு கத்துறாரு. பேட்டரியைக் காட்டுனேன். இது பொம்மைக் காருக்குப் போடுறதுன்னுட்டாரு. இந்தப் பக்கம் ஜெனரேட்டர் சத்தம் கேட்டாத்தான் மேடம் கல்யாணம் நடக்குதுன்னு நம்புவாங்க. அன்னைக்கு முடிவு பண்ணேன். கேக்குறவங்களுக்குச் சத்தம், மோந்து பார்க்குறவங்களுக்குத் துணி.

— பேட்டரிக்கு எப்படிச் சார்ஜ் ஏத்துறீங்க?

— என் குடோன் கூரை மேல சோலார் போட்டிருக்கேன். நானே மாட்டுனது.

— மேடம், அப்ப மேடையில ஓடுறது மொத்தமும் சூரிய கரண்ட். நான் எழுதுன பேனர்ல ஒரு எழுத்து கூட பொய் இல்லை. ஒரு சொட்டு டீசல் இல்லை மேடம்.

— ஒரு மூடி இருக்கு.

— எரிக்கலையே மேடம், மோந்துதானே பார்த்தோம். அக்கா, நீங்க என் குலசாமி. கல்யாணத்துல உங்களுக்கு முதல் வரிசை. மேடம், உள்ளூர்ப் பெண் தொழில்முனைவோரோட சேர்ந்து நடத்தப்பட்ட விழான்னு அறிக்கையில எழுதிக்கலாம், நல்லா இருக்கும்.

— நான் என்ன எழுதணும்னு நான் பார்த்துக்கிறேன். அமுதவல்லி அம்மா, எனக்கு ஒரு சந்தேகம். கல்யாண வீட்டுல சத்தம் வேணும், சரி. இங்கே சத்தம் கேட்கவே கூடாதுன்னுதானே இவர் தவிச்சிருப்பாரு. ஸ்பீக்கரைப் போடாமலே ஓட்டியிருக்கலாமே?

— ஓட்டியிருக்கலாம் மேடம்.

— பின்னே ஏன் போட்டீங்க?

— சத்தம் போடாம இருந்தா, நீங்க மேடையில உக்காந்து மாலை வாங்கிக்கிட்டுக் காரேறிப் போயிருப்பீங்க. இங்கிட்டுக் கண்மாய்க் கரைக்கு யாரு வாரா?

— கண்மாய்க் கரையில என்ன இருக்கு?

— மேடம், மேடையில தேடுவாங்க, நாம கிளம்பலாமா…

— இருங்க கோபிநாத். அம்மா, உங்க கூரை மேல இருக்குற பேனலை எங்கே வாங்குனீங்க?

— வாங்கல மேடம். வைகாசியில ஒரு நாளு லாரி வந்து கண்மாய்க்குள்ள கொட்டிட்டுப் போச்சு. அறுபத்து நாலு. ஓரம் மட்டும் விரிசல் விட்டதாப் பார்த்து இருபத்திரண்டை எடுத்து மாட்டிக்கிட்டேன். மிச்சம் நாப்பத்திரண்டும் அங்கேதான் கெடக்கு. ஆடு மிதிக்குது, மயிலு கொத்துது. மழை வர்றதுக்குள்ள அள்ளிட்டுப் போங்கன்னு மூணு லெட்டர் போட்டேன், மூணு வேப்பங்கன்னு வந்துச்சு. இந்தத் தம்பிகிட்டயும் காலையிலேருந்து சாடை மாடையாச் சொல்லிப் பார்த்தேன்.

— யாரோட பேனல்னு தெரியுமா?

— அது எனக்கு எப்படி மேடம் தெரியும்? ஒவ்வொண்ணு முதுகுலயும் ஒரு நம்பர் ஒட்டியிருக்கு, அம்புட்டுத்தான். இந்தாங்க, தம்பி தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புஸ்தகம். பதினாலாம் பக்கத்தை எடுத்து நீங்க கரையில நின்னு வாசிங்க. நான் உள்ள எறங்கி ஒவ்வொண்ணாப் பார்த்துச் சொல்றேன்.